விலாங்குக்கும் வழி விடுங்கள்

ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் எல்வா ஆற்றில் இருந்த இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை உடைத்தெடுத்தார்கள். நூறாண்டளவு மறிக்கப்பட்டிருந்த சல்மன் மீன்கள் மேலாற்றுக்குத் திரும்பின. எங்கள் மகாவலியில் சல்மன் இல்லை, சரி. ஆனால் விலாங்கு இருக்கிறதே! கடலில் பிறந்து, குஞ்சாக ஆற்றில் ஏறி வளர்ந்து, முட்டையிட மறுபடியும் கடலுக்குப் போகும் மீன் அது. அணைகளை உடைக்கச் சொல்லவில்லை. வயலுக்குத் தண்ணீர் வேண்டும். புதிதாகக் கட்டும் அணைக்கட்டுகளிலாவது மீன் ஏற வழி வையுங்கள். மூதூர்ப் பக்கம் ஆற்றுமண் அகழ்வையும் கட்டுப்படுத்த வேண்டும். அப்புறம், கொட்டியாரக்குடாவில் ஆறு சேரும் இடத்துக் கண்டல் மரங்களை வெட்டாமல் விட்டாலே குஞ்சுமீன்களுக்கு ஒதுங்க இடம் கிடைக்கும். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

வாசகர்,
திருகோணமலை