போன்சாய் மரம் எடுக்க இரண்டு மழைக்காலம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மரத்தைச் சிறு தொட்டியில் குட்டையாக வளர்க்கும் போன்சாய்க் கலையில் ஆர்வம் கொண்டோர் பலர், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் எடுக்கப்பட்ட காணொளிகளைப் பார்த்துவிட்டு, தானாக வளர்ந்த மரத்தைப் பெயர்த்துவந்து தொட்டியில் வைக்க, மார்ச் பிறந்ததும் கடப்பாரையுடன் மலையடிவாரத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பனி உருகிய பின் மெல்லச் சூடேறும் அந்நாட்டு வசந்தம் வேறு. பங்குனியைத் தாண்டியதும் கத்திரி வெயிலில் கொண்டுபோய் விடும் நம் வசந்தம் வேறு. நீரை உறிஞ்சும் மெல்லிய சல்லிவேர் போதிய அளவு இல்லாமல் பெயர்த்த மரம், தண்டில் சேர்த்துவைத்த சத்தைக் கொண்டு துளிர்த்துக் காட்டிவிட்டு, வைகாசிக்குள் பட்டுப்போகும்.

முதலில், காட்டுக்குப் போகவே வேண்டியதில்லை. காப்புக்காட்டிலிருந்து அனுமதியின்றி மரத்தைப் பெயர்ப்பது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, ஆடுகள் ஆண்டுக்கணக்கில் கடித்துக் குட்டையாக்கிய பிராயும், வேலிக்காக வெட்டி வெட்டி விடப்பட்ட கொடுக்காப்புளியும் நம் தோட்டங்களின் ஓரத்திலேயே நிற்கின்றன. உரிமையாளரிடம் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார். தேடும்போது தழையைப் பார்த்து மயங்காமல், அடிமரத்தைச் சுற்றியுள்ள மண்ணை விரலால் ஒதுக்கி, வேர் நாலாபுறமும் பரவியிருக்கிறதா, தண்டு மேலே போகப் போகச் சிறுக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிளையைப் பிறகு வளர்த்துக்கொள்ளலாம். அடிமரத்தை அவ்வளவு எளிதில் உண்டாக்க முடியாது.

மரத்தைத் தேர்ந்த ஆண்டின் ஐப்பசி மழையில், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, சுற்றுவட்டத்தில் பாதியில் மட்டும் பக்கவேர்களைக் கூரிய கருவியால் வெட்டி, அந்தப் பள்ளத்தில் ஆற்றுமணலும் தென்னைநார்க் கழிவும் கலந்து நிரப்ப வேண்டும். வெட்டுவாயிலிருந்து சல்லிவேர்கள் அந்தக் கலவைக்குள் இறங்கும். மறுபாதியை அடுத்த ஆண்டு மழையில் வெட்டலாம். இடைப்பட்ட காலத்தில் கிளையைக் கழித்து உருவம் கொடுக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். இலை ஊட்டினால்தான் வேர் விடும். பலரும் கெடுப்பது இந்த இடத்தில்தான். ஆணிவேரை, மரத்தைப் பெயர்க்கும் நாளில் அறுத்தால் போதும். அரசமரமாயின் மாசி, பங்குனியில் இலை கொட்டிச் செந்தளிர் விடுவதற்குச் சற்று முன்பு எடுக்கலாம். இலை கொட்டாத இச்சிக்கு வெயில் தணியும் ஆனி, ஆடி வரை பொறுப்பது நல்லது. எடுத்ததும் வேர்ப்பந்தை ஈரச் சாக்கில் சுற்றி, அன்றே நட்டு, நிழலில் வைக்க வேண்டும்.

மைனாவும் குயிலும் எச்சமிட்டுச் சுவர்களில் முளைக்கும் அரசு, இச்சிக் கன்றுகளுக்கு இந்த முன்வேலை செய்ய வழியில்லை. கோயில் திருப்பணியின்போதும் பழைய கட்டடங்களை இடிக்கும்போதும் அவை மருந்தூற்றியோ வெட்டியோ அழிக்கப்படுகின்றன. கட்டடத்துக்கு அவை கேடு என்பதில் மறுப்பில்லை. ஆனால், வேர் சுவருக்குள் சிக்கி அறுந்தாலும் தண்டை வெட்டிப் போத்தாக (வேரில்லாத நடுகுச்சியாக) நட்டுப் பிழைக்கவைக்க முடியும் என்பதால், பணி தொடங்கும் நாளை முன்கூட்டியே அறிவித்து, பணியாளர் முன்னிலையில் அவற்றை எடுத்துக்கொள்ள ஆர்வலர்களை அறநிலையத் துறையும் நகராட்சிகளும் அனுமதிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
போன்சாய் ஆர்வலர் ஒருவர்,
மதுரை.