வீடியோ பாத்து கொதிச்சா மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாயை அடிச்சே கொன்னான், பூனைய மாடியிலேர்ந்து தூக்கி எறிஞ்சான்னு உங்க பேப்பர்ல வர்ற செய்திய எல்லாம் ஒண்ணு விடாம படிக்கிற ஆளு நான். எல்லாமே ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. வீடியோ பரவுச்சு, ஜனங்க கொந்தளிச்சாங்க, போலீஸ் விசாரிக்குது, அவ்ளோதான் முடிஞ்சுது. வீடியோ எடுத்த நாளுக்கு முன்னாடி அந்த வீட்ல என்ன நடந்துட்டு இருந்துச்சு, அக்கம்பக்கத்துல யாருக்குமே தெரியாதா, தெரிஞ்சா யார்கிட்ட போயி என்னன்னு சொல்லணும், இதப்பத்தி ஒரு வரி கூட வர்றதில்ல. ரொம்ப வருஷம் கால்நடை ஆஸ்பத்திரியில டாக்டருங்களுக்கு உதவியாளா இருந்தவன்ங்கிற உரிமையில எழுதறேன், நீளமா போச்சுன்னா வெட்டிக்கோங்க.

நான் பாத்த வரைக்கும் அடிபட்டு வர்றத விட கவனிக்காம விட்டுட்டு கடைசியில தூக்கிட்டு வர்றதுதான் ஜாஸ்தி. குட்டியா இருக்கறப்போ நாய் கழுத்துல ஒரு பட்டை கட்டுவாங்க, நாய் வளரும், பட்டை வளருமா? தளத்தி விடணும்னு யாருக்கும் தோணாது. அது கொஞ்சம் கொஞ்சமா தோலை அறுத்து உள்ள எறங்கும், மேல சதை மூடிக்கும், வெளியில பாத்தா வெறும் முடிதான் தெரியும், நாத்தம் தாங்காம போனப்புறம்தான் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். மயக்க ஊசி போட்டு முடிய மழிச்சு டாக்டர் பட்டைய வெட்டி எடுக்கறப்போ உள்ள புழு நெளியும். கூட வந்தவரு "வேளாவேளைக்கு சாப்பாடு வைக்கிறோமே டாக்டர்"னு நிப்பாரு. அவரு பொய் சொல்லல. நாய் மேல கை ஓங்கியிருக்கவும் மாட்டாரு. ஆனா மாசக்கணக்கா அந்த கழுத்த ஒரு தடவை கூட தடவிப் பாக்கல, அதுவும் கொடுமைதான்.

அதனால எல்லாரையும் ஒரே தராசுல வெச்சு எடை போடாதீங்க. சிலருக்கு தெரியாது. சிலருக்கு முடியாது, வயசாயிருக்கும், உடம்பு படுத்தும், கையில காசு இருக்காது, சொல்ல வெக்கமா இருக்கும். இவங்ககிட்ட போலீஸ்னு மெரட்டுறதுக்கு முன்னாடி நாலு வார்த்தை நல்லபடியா பேசிப்பாக்கலாம். சங்கிலி எட்டுற தூரத்துல நிழல் இருக்கா, தண்ணி கிண்ணம் கவுந்து கிடக்கா, படுக்கற எடத்துலயே பீயும் மூத்திரமுமா இருக்கா, இத மட்டும் கவனிச்சா போதும். "உங்க நாய் தொல்லை தாங்கல"ன்னு ஆரம்பிச்சா சண்டைதான் வரும், "கட்டுற எடத்த கொஞ்சம் மாத்தலாமா, நான் கூட வரேன்"னு கேட்டா பாதி பேரு எறங்கி வருவாங்க. இன்னொரு ரகம் இருக்கு, பாவப்பட்டு பாவப்பட்டு ஒரு வீட்டுக்குள்ள அம்பது அறுபது பூனைய அடைச்சு வெச்சுப்பாங்க, அதுங்க பட்டினியா கிடக்கும், ஒண்ணு ரெண்டு செத்தும் கிடக்கும், ஆனா தான் அதுங்கள காப்பாத்துறதாவே நம்புவாங்க. மிருகத்த மட்டும் அள்ளிட்டு போயிட்டா பிரச்சனை தீராது, அந்த ஆளுக்கு மனநல டாக்டர பாக்க வைக்கலேன்னா மறுபடியும் சேக்க ஆரம்பிச்சுடுவாங்க.

வேணும்னே செய்யறவன் கதை வேற. அவன்கிட்ட போயி "புகார் குடுத்துடுவேன்"னு மட்டும் சொல்லாதீங்க, ராத்திரியோட ராத்திரியா அந்த மிருகமே காணாம போயிடும். என்ன பாத்தீங்க, என்னைக்கு, எத்தனை மணிக்கு, எந்த எடத்துலன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. கேட்டத "கேட்டேன்"னும் பாத்தத "பாத்தேன்"னும் தனித்தனியா எழுதுங்க, ரெண்டையும் கலந்தா கோர்ட்ல நிக்காது. வீடியோ எடுத்தா உங்க எடத்துல இருந்தோ ரோட்ல இருந்தோ எடுங்க, சுவர் ஏறி குதிச்சீங்கன்னா கேஸ் உங்க மேலதான் திரும்பும். அந்த ஃபைல போன்லயே அப்படியே வெச்சுக்கோங்க. வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்புனா படத்தோட தரமும் கொறஞ்சுடும், எப்போ எடுத்ததுன்னு ஃபைலுக்குள்ள இருக்கற தகவலும் போயிடும், பாட்டு போட்டு எமோஜி ஒட்டி விட்டீங்கன்னா ஆதாரம் வெறும் ரீல்ஸ் ஆயிடும்.

விஷம் வெச்ச கேஸ்ல இன்னொண்ணு நடக்கும், அதச் சொல்லியே ஆகணும். செத்த நாயை வீட்டுக்காரங்க அழுதுகிட்டே பூவெல்லாம் போட்டு குழி தோண்டி பொதைச்சுட்டு ஒரு வாரம் கழிச்சு புகார் குடுக்க வருவாங்க. அப்புறம் எத வெச்சு நிரூபிக்கறது? போஸ்ட்மார்ட்டம் பண்ணணும். அது வரைக்கும் உடம்ப குளிர்ச்சியா வைக்கணும், ஆனா உறைய விடக்கூடாது. பக்கத்துல கிடந்த உணவு, எடுத்த வாந்தி, கவர், டப்பா எதுவா இருந்தாலும் கையுறை போட்டு தனித்தனியா கட்டி வைக்கணும். உயிரோட இருந்துச்சுன்னா நீங்களா உப்புத்தண்ணி ஊத்தி வாந்தி எடுக்க வைக்காதீங்க, சில விஷத்துக்கு அதுவே எமனாயிடும், நேரா டாக்டர்கிட்ட ஓடுங்க.

ஃபார்வர்டு பண்றவங்களுக்கு ஒரு வார்த்தை. கோவம் நியாயம்தான், இல்லேங்கல. ஆனா இப்போ வியூஸ்க்காகவே மிருகத்த வதைச்சு வீடியோ போடறவங்க இருக்காங்க, குட்டிய தானே பாம்பு கிட்ட விட்டுட்டு தானே "காப்பாத்துற" மாதிரி நடிக்கிறவங்களும் இருக்காங்க. நீங்க திட்டி கமெண்ட் போட்டாலும் ஷேர் பண்ணாலும் அவனுக்கு லாபம்தான். ரிப்போர்ட் பண்ணுங்க, லிங்க குறிச்சு வெச்சு அதிகாரிங்ககிட்ட குடுங்க, அதோட விடுங்க.

"மனுஷனுக்கே நாதியில்ல, இதுல நாய்க்கு என்ன"ன்னு கேக்கறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். 1874ல நியூயார்க்ல மேரி எல்லன்னு ஒரு சின்னப் பொண்ணு வளந்த வீட்ல அடி வாங்கிட்டு கிடந்தப்போ, அத பாத்த ஒரு அம்மா எங்கெங்கயோ அலைஞ்சு பாத்துட்டு கடைசியில போனது ஹென்றி பெர்க் கிட்ட, அவரு 1866ல மிருகவதை தடுப்பு சங்கம் ஆரம்பிச்சவரு. அவரும் அவரோட வக்கீலும்தான் அத கோர்ட்டுக்கு கொண்டு போனாங்க, அதுக்கப்புறம்தான் குழந்தைங்களுக்குன்னு தனியா ஒரு சங்கமே வந்துச்சு. இன்னைக்கும் அப்படித்தான், நாயை ஒதைக்கிற வீட்ல பொண்டாட்டியும் புள்ளையும் ஒதை வாங்குறாங்களான்னு பாக்கணும். "நீ போனா இத கொன்னுடுவேன்"னு செல்லப்பிராணிய வெச்சே மெரட்டுறதால வீட்ட விட்டு வெளிய வராம கிடக்கற பொம்பளைங்க இருக்காங்கன்னு பெண்கள் காப்பகங்கள்ல கேட்டு எடுத்த ஆய்வுகள் சொல்லுது. அமெரிக்காவுல எஃப்பிஐ 2016லேர்ந்து மிருகவதைய தனிக் குற்றமாவே கணக்கெடுக்குது. அதுக்காக நாயை அடிச்சவன் எல்லாம் நாளைக்கு கொலைகாரன் ஆவான்னு சினிமா கணக்கா பேசறதும் தப்பு, எனக்கு அதுல உடன்பாடு இல்ல.

பசங்க விஷயமும் அப்படித்தான். மூணு வயசுக் குழந்தை பூனை வால இழுத்தா பூனைக்கு வலிக்கும்னு குழந்தைக்கு தெரியாது, சொல்லிக்குடுத்தா விட்டுடும். பத்து வயசுப் பையன் மறைவா போயி திரும்பத் திரும்ப அதையே செய்யறான், அது துடிக்கறத பாத்து சிரிக்கறான்னா "வாலுப்பய"ன்னு விட்டுடாதீங்க. மனநல மருத்துவத்துல 1987லேயே இத நடத்தைக் கோளாறோட அறிகுறிகள்ல ஒண்ணா சேத்துட்டாங்க. அடிச்சு திருத்தப் பாக்காதீங்க, அவன யாரு அடிக்கறாங்கன்னு மொதல்ல விசாரிங்க, பல சமயம் அங்கதான் முடிச்சு இருக்கும்.

உங்ககிட்ட நான் கேக்கறது இவ்வளவுதான். இந்த மாதிரி செய்தி போடறப்போ எந்த விஷம், எப்படி கட்டுனான்னு செய்முறை விளக்கம் போடாதீங்க. ரத்தப் படத்த கொறைச்சுட்டு அந்த எடத்துல புகார் குடுக்க வேண்டிய போன் நம்பர கட்டம் கட்டிப் போடுங்க, புகார் எழுதிக் குடுத்தா ரசீது வாங்கணும்னும் போடுங்க. அப்புறம் அந்த கேஸ் என்னாச்சு, எஃப்ஐஆர் போட்டாங்களா, போஸ்ட்மார்ட்டம் ரிசல்ட் வந்துச்சா, உயிர் தப்பிச்ச மிருகம் இப்போ யார்கிட்ட இருக்குன்னு ஒரு மாசம் கழிச்சு உங்க நிருபரையே திரும்ப அனுப்பி கேட்டு, மொதல் செய்தி வந்த அதே பக்கத்துல போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்,
ஓய்வு பெற்ற கால்நடை ஆஸ்பத்திரி உதவியாளர்