வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் செயற்குழு நண்பர்களுக்கும் வந்திருக்கிற உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதம் ஒரு கூட்டம் என்ற கணக்கில் இந்த ஆண்டு 11 கூட்டங்கள் நடந்தன. டிசம்பர் கூட்டம் மழையால் நின்றுபோனது. புதிதாக 7 பேர் சேர்ந்திருக்கிறார்கள், 2 பேர் வேலை மாற்றலில் வெளியூர் போய்விட்டார்கள். புத்தக அலமாரிக்குக் கதவு போட்டாயிற்று, இனி கரையான் பயம் இல்லை. சந்தா பாக்கி, வரவு செலவு இரண்டையும் பொருளாளர் படிப்பார்.

இந்த அறிக்கையின் பெரும்பகுதி ஒரே ஒரு நாவலைப் பற்றியது. மற்ற கூட்டங்களுக்கு நடவடிக்கைக் குறிப்பேடு இருக்கிறது. ஆகஸ்ட் கூட்டத்தில் எடுத்த அந்த நாவல் செப்டம்பர் கூட்டத்தையும் முழுசாக எடுத்துக்கொண்டது. நம் வட்டத்தில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

ஜப்பானிய எழுத்தாளர் செய்ச்சோ மாட்சுமோட்டோவின் நாவல் அது. 1957-ல் ஒரு பயண இதழில் தொடராக வர ஆரம்பித்து, 1958-ல் புத்தகமானது. நாம் படித்தது ஆங்கில மொழிபெயர்ப்பில். அதிலும் ஒரு குழப்பம். பழைய மொழிபெயர்ப்புக்கு ‘பாயிண்ட்ஸ் அண்ட் லைன்ஸ்’ என்று பெயர், 2022-ல் வந்ததற்கு ‘டோக்கியோ எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். பாதிப் பேர் வேறு புத்தகம் வாங்கிவிட்டோமோ என்று எனக்கு போன் செய்தார்கள். மாட்சுமோட்டோ 1909-ல் பிறந்தவர். மேற்படிப்புக்கு வசதியில்லாத குடும்பம். தெற்கே கியூஷு தீவில் ஒரு நாளிதழின் விளம்பரப் பிரிவில் படம் வரைந்துகொண்டிருந்தவர், நாற்பது வயதுக்கு மேல்தான் கதை எழுத வந்தார். அதனால்தானோ என்னவோ, அவருடைய போலீஸ்காரர்கள் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற மனிதர்களாக இருக்கிறார்கள்.

கதை இது. ஃபுகுவோகா பக்கத்தில் காஷீ கடற்கரையில் ஒரு ஜனவரி காலையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இறந்து கிடக்கிறார்கள். விஷம் குடித்திருக்கிறார்கள். அவர் சயாமா, லஞ்ச விசாரணையில் சிக்கிய ஓர் அமைச்சகத்தின் அதிகாரி. அவள் ஒதோகி, டோக்கியோவில் ஓர் உணவகத்தில் பரிமாறுகிறவள். காதலர்கள் சேர்ந்து செத்துப்போனார்கள் என்று எல்லோரும் கேஸை மூடப் பார்க்கிறார்கள். உள்ளூர் துப்பறிவாளர் தோரிகாய் மட்டும் சயாமாவிடம் கிடைத்த ரயில் சாப்பாட்டு பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அதில் ‘ஒருவர்’ என்று இருக்கிறது.

(இன்னும் படிக்காதவர்கள் அடுத்த சில பத்திகளைத் தாண்டிப் போகலாம். சில முடிச்சுகளைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.)

வங்கியில் வேலை பார்க்கிற நம் உறுப்பினர் ஒருவர் இந்த பில்லைத்தான் முதலில் எடுத்தார். தோரிகாய் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொண்டே தன் மகளிடம் கேட்கிறார்: உனக்குப் பசி இல்லை, ஆனால் கூட வந்தவன் சாப்பிடப் போகிறான் என்றால் நீ என்ன செய்வாய்? கூடப் போய் ஒரு காபியாவது குடிப்பேன் என்கிற அர்த்தத்தில் அவள் பதில் சொல்கிறாள். “கேஸ் அங்கேயே திறந்துவிட்டது சார், சோத்துத் தட்டுக்கு முன்னால்” என்றார் நம் உறுப்பினர். அதற்கு எதிர்ப்பும் வந்தது. வயிறு சரியில்லை என்றால் யாரும் பெட்டியிலேயே படுத்துக்கொள்வார்கள், இதையெல்லாம் சாட்சியம் என்று எந்தக் கோர்ட்டும் ஏற்காது என்றார் வழக்கறிஞர் நண்பர். என் கருத்தையும் பதிவு செய்கிறேன். தோரிகாயும் அதைச் சாட்சியம் என்று சொல்லவில்லை. மனசில் உறுத்துகிறது என்கிறார், அவ்வளவுதான். அந்த உறுத்தலை விடாமல் பிடித்துக்கொண்டு போவதுதான் நாவல்.

ஆகஸ்ட் கூட்டத்தை இழுத்துக்கொண்டு போனவர் நம் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். டோக்கியோ ஸ்டேஷனில் 13-ஆம் பிளாட்பாரத்தில் நிற்பவர்களுக்கு 15-ஆம் பிளாட்பாரம் தெரியாது. நடுவில் ஏதாவது ஒரு வண்டி நின்று மறைத்துக்கொண்டே இருக்கும். மாலை 5.57-லிருந்து 6.01 வரை மட்டும் நடுவில் எதுவும் இல்லை. அந்த நான்கு நிமிடத்தில்தான் சயாமாவும் ஒதோகியும் ‘அசாகாஸே’ வண்டியில் ஏறுவதை யசுதா என்பவனும் அவனோடு வந்த இரண்டு பேரும் பார்க்கிறார்கள். நம்மவர் கூடத்து நாற்காலிகளை நான்கு வரிசையாகப் போடச் சொன்னார். நடு இரண்டு வரிசையில் ஆட்களை நிற்க வைத்து, கையில் கடிகாரத்தோடு ஒவ்வொரு வரிசையாக விலக்கினார். ஜன்னல் பக்கம் இருந்தவர்களின் முகம் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. நான்கு நிமிடமும் யாரும் பேசவில்லை. நான்கு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுபடி வரிசையை மூடியதும் அவர் கேட்டார்: “முப்பத்தாறு வருஷம் பிளாட்பாரத்தில் நின்றிருக்கிறேன். தற்செயலாக இந்த நான்கு நிமிடத்தில் ஒருத்தன் நண்பர்களோடு வந்து நிற்பானா?” மிஹாரா என்கிற டோக்கியோ போலீஸ்காரருக்கு வருகிற சந்தேகமும் அதேதான்.

செப்டம்பரில் ஓய்வுபெற்ற ஏட்டையா பேசினார். காஷீயில் அரசு ரயிலுக்கு ஒரு ஸ்டேஷன், தனியார் ரயிலுக்கு ஒரு ஸ்டேஷன். ஒன்றில் இறங்கிய ஜோடியை ஒருவர் பார்த்திருக்கிறார். இன்னொன்றில் இறங்கிய ஜோடியை இன்னொருவர் பார்த்திருக்கிறார். இடைவெளி 11 நிமிடம். தோரிகாய் அந்தத் தூரத்தை வேகமாக, சாதாரணமாக, ரொம்ப மெதுவாக என்று பல தடவை நடந்து பார்க்கிறார். எப்படி நடந்தாலும் 11 நிமிடம் ஆவதில்லை. “இதுதான் எங்க வேலை. நடை, மறுபடி நடை. அப்புறம் அதை எழுதி வைக்கிறது” என்றார் ஏட்டையா. கதைகளில் வருகிற போலீஸைப் பார்த்துத் தனக்குக் கோபம்தான் வரும், இந்தப் புத்தகத்தில் முதல் தடவையாக வரவில்லை என்றும் சொன்னார்.

குறை சொன்னவர்களும் குறைவில்லை. சந்தேகத்துக்குரிய யசுதா, சம்பவ சமயத்தில் வடக்கே ஹொக்கைடோவில் இருந்ததாக ரயில், கப்பல் கணக்கெல்லாம் காட்டுகிறான். மிஹாராவுக்கு விமானம் நினைவுக்கு வரவே பல அத்தியாயம் ஆகிறது. கல்லூரி மாணவர்கள் மூன்று பேருமே இதை ஏற்கவில்லை, தங்களுக்கு முதலிலேயே தோன்றிவிட்டது என்றார்கள். நியாயம்தான். ஆனால் போருக்குப் பிறகு ஜப்பானில் உள்நாட்டு விமான சேவை மறுபடி தொடங்கியதே 1951-ல். அரசு சம்பளத்தில் அடித்துப்பிடித்து மூன்றாம் வகுப்பில் போகிற ஒரு போலீஸ்காரருக்கு வானம் நினைவுக்கு வராதது எனக்கு இயல்பாகவே படுகிறது.

ஒதோகி யார் என்று கடைசிவரை தெரியவில்லை, அவளுக்கு ஒரு வாக்கியமாவது கொடுத்திருக்கலாம் என்று தமிழாசிரியை சொன்னதை யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. முடிவை மிஹாரா கடிதமாக எழுதி விளக்குவது அவசரமாக இருக்கிறது என்றும் பலர் சொன்னார்கள். சயாமாவுக்கு மேலே இருந்த அதிகாரிக்கு எதுவும் ஆகாமல் நல்ல பதவி கிடைக்கிறதே என்று கேட்டவர்களுக்கு ஏட்டையா பதில் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

கூட்டத்துக்கு வரமுடியாத ஓர் உறுப்பினரின் கடிதத்தையும் செப்டம்பரில் படித்தோம். இடுப்பு எலும்பு முறிந்து இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார் அந்த அம்மா. நாவலில் யசுதாவின் மனைவி ரியோகோவும் காமகுராவில் படுக்கையில் இருப்பவள். ரயில் டைம்டேபிள்தான் அவளுக்குப் படிக்கிற புத்தகம். இந்த நிமிடத்தில் நாட்டின் எந்தெந்த ஸ்டேஷனில் எந்தெந்த வண்டி நின்றுகொண்டிருக்கும், யார் இறங்குவார்கள், யார் ஏறுவார்கள் என்று நினைத்துப் பார்ப்பதைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதியிருப்பாள். “அவள் செய்தது பெரிய பாவம். ஆனால் அந்தப் பக்கத்தை நான் நான்கு தடவை படித்தேன். மத்தியானம் தெருவில் பள்ளிக்கூட வேன் ஹாரன் கேட்டால் எந்தப் பிள்ளை எந்த வாசலில் இறங்கும் என்று எனக்கும் இங்கிருந்தே தெரியும்” என்று எழுதியிருந்தார். படித்து முடித்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் தன்னிடம் இருந்த பழைய தென்னக ரயில்வே டைம்டேபிளை அந்த அம்மாவுக்குக் கொடுத்தனுப்பினார்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு விஷயங்களை வைக்கிறேன். ஒன்று, வரும் ஆண்டிலும் ஒரு போலீஸ் புலனாய்வு நாவலுக்கு இரண்டு கூட்டம் ஒதுக்க வேண்டும். இரண்டு, ஏப்ரல் மாதக் கூட்டத்தை அந்த அம்மா வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அவர் மகனிடம் பேசிவிட்டேன். அவர் படுத்திருக்கும் அறையை ஒட்டிய திண்ணையில் இருபது பேர் உட்காரலாம், மீதிப் பேருக்கு நாற்காலி நம் கூடத்திலிருந்து கொண்டுபோக வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்