கீசருக்குள் கரையும் ராடு

குன்னூர், அருவங்காடு, எல்லநள்ளி பக்கத்து எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

உறைபனி இறங்குவதற்குள் எங்களைக் கூப்பிட்டு உங்கள் கீசரை ஒரு தடவை திறந்து பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் இந்த மடல்.

போன வாரம் எல்லநள்ளியில் ஒரு வீட்டில் 25 லிட்டர் கீசரைக் கழற்றினோம். ஆறு வருஷமாகத் திறக்காதது. அடித்தட்டை இறக்கிப் பார்த்தால், தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட் பக்கத்தில் விரல் பருமனுக்கு நிற்க வேண்டிய மெக்னீசியம் ராடைக் காணோம். அதன் நடுக்கம்பி மட்டும் சைக்கிள் போக்ஸ் போல நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் வெள்ளையாக ஒரு கட்டி. “மட்டமான ராடா போட்டுட்டாங்க தம்பி?” என்று வீட்டம்மா கேட்டார். இல்லைம்மா, கரைவதுதான் அதற்கு வேலை.

டேங்க் இரும்புத் தகடு. உள்ளே கண்ணாடிப் பூச்சு இருந்தாலும் வெல்டிங் ஓரத்தில் ஊசிமுனை அளவு இடம் விட்டுப்போகும். தண்ணீர் அங்கேதான் இரும்பைத் தொடும். இரும்பைவிட மெக்னீசியம் சீக்கிரம் கரையும் உலோகம் என்பதால், இரண்டும் சேர்ந்திருக்கும்போது அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும். 1824இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி, கப்பலின் செப்புத் தகட்டைக் காக்கத் துத்தநாகத்தையும் இரும்பையும் பொருத்திக் காட்டியது இதே வழியில்தான்.

“நம்ம ஊர்த் தண்ணியில உப்பே இல்லையே” என்று பலரும் சொல்கிறார்கள். சரிதான், கீழ்நாட்டைப் போல எலிமென்டில் உப்பு கட்டாது. ஆனால் துரு பிடிக்க உப்புக் கட்ட வேண்டியதில்லை. இன்னொன்று, உப்புக் குறைந்த தண்ணீரில் அலுமினிய ராடைவிட மெக்னீசியம்தான் நன்றாக வேலை செய்யும். நாங்கள் அதையே போடுவது அதனால்தான்.

எங்கள் வீட்டு கீசரையே ஒரு தடவை கவனிக்காமல் விட்டோம். ஜனவரிக் காலை, பக்கெட்டில் செம்மண் நிறத்தில் தண்ணீர். பத்து நாளில் டேங்கில் பொத்தல். பொத்தலான டேங்கை ஒட்டி ஓட்ட முடியாது, முழு கீசரையும் மாற்றினோம். இன்றைக்கும் அது மனசில் உறுத்துகிறது.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பாருங்கள். விருந்தினர் வந்துபோகும் ஹோம்ஸ்டே என்றால் வருஷா வருஷம். ராடு பாதிக்கு மேல் கரைந்திருந்தாலோ நடுக்கம்பி தெரிந்தாலோ மாற்றிவிட வேண்டும். செம்பு டேங்குக்கு இந்த ராடு தேவையில்லை.

தயவுசெய்து நீங்களாகவே கழற்ற வேண்டாம். மின்சாரமும் சுடுதண்ணீரும் சேர்ந்த இடம் அது. நாங்கள் மெயின் போர்டில் கரண்டைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்து, தண்ணீரை வடித்த பிறகே தட்டில் கை வைப்போம். அடித்தட்டைத் திறந்தால், தண்ணீர் கசியாமல் தட்டுக்கு இடையில் வைக்கும் காஸ்கெட்டையும் புதிதாகவே போடுவோம். பழையதை மறுபடி போட்டால் பெரும்பாலும் கசியும்.

வேலை முடிந்ததும் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, காற்று போய்த் தண்ணீர் சீராக வந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். காலி டேங்கில் போட்டால் எலிமென்ட் எரிந்துவிடும். ராடு மாற்றிய தேதியை கீசரின் அடிப்பக்கத்தில் மார்க்கரால் எழுதிவைத்துவிட்டுத்தான் எங்கள் பையன் கிளம்புவான். எழுதாமல் போனால் கூப்பிட்டுக் கேளுங்கள்.