சிரிக்க வைத்தவர்களுக்கும் சிரிக்க விட்டவர்களுக்கும்

கோயம்புத்தூரிலிருந்து வந்த நாடகக் குழுத் தம்பி தங்கைகளுக்கும், பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கிய ஆசானுக்கும், எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும், பாலக்காட்டு ஜில்லாவில், தமிழ்நாட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருக்கும் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்துப் பெண்கள், அதாவது கேரளத்து மகளிர் சுய உதவிக் குழுக்காரர்கள், எழுதுவது.

ஊரில் என்ன விசேஷம் என்றாலும் நாங்கள் இருப்பது சமையல் பக்கம்தான். மேடையில் நடப்பது பாத்திரச் சத்தத்துக்கு நடுவே காதில் விழும். எல்லோரும் சிரிக்கும்போது "என்னவாம்?" என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்வோம். இந்தத் தை மாதம் ஆண்டு விழாவுக்குச் சிரிப்பு நாடகம் என்று முடிவானபோதே சொல்லிவிட்டோம், அன்றைக்கு அடுப்படிக்கு வரமாட்டோம் என்று. மறுபேச்சில்லாமல் கரண்டியை வாங்கிக்கொண்ட ஆண்களுக்கு முதல் நன்றி. சாம்பார் கொஞ்சம் தண்ணீர்தான். இருந்தாலும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினோம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

உடைப்பெட்டி ஏற்றிய வண்டி வழியில் நின்றுவிட்டது என்று சாயங்காலம் போன் வந்தது. சீரியல் மாமியாராக வேஷம் கட்ட வேண்டிய தம்பி ஆறடி உயரம், அதற்கேற்ற தோள். யாருடைய ரவிக்கை சேரும்? எங்கள் தையல்கார அக்கா இருப்பதிலேயே பெரிய ரவிக்கையை எடுத்து, முதுகுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை வெட்டி, இரண்டு ஓரத்திலும் வளையம் தைத்து, பாவாடை நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து இழுத்துக் கட்டினார். முன்னால் பார்த்தால் கல்யாண வீட்டுச் சம்பந்தியம்மா. திரும்பினால் கயிற்றுக் கட்டில். சீரியலில் கோபம் வந்தால் முகத்தை மூன்று தரம் காட்டுவார்களே, அந்த இடத்தில் தம்பி முகத்துக்குப் பதிலாக முதுகை மூன்று தரம் காட்டினார். அங்கே எழுந்த சிரிப்பில் பாதி தையல் அக்காவுக்குச் சேர வேண்டியது. பட்டுப்புடவை கொடுத்த டீச்சருக்கும் நன்றி. பவுடர் கறை போகவில்லை என்றால் சொல்லுங்கள் டீச்சர், சலவைக் காசு எங்களுடையது.

தை மாதத்துக் கிழக்குக் காற்றைப் பற்றிப் பாலக்காட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணவாயில் புகுந்து வந்த காற்று நேரே மைக்கில்தான் பேசியது. சவுண்ட் சர்வீஸ் அண்ணன் மைக்கின் தலையில் கர்ச்சீப்பைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டார். படுதா பறக்காமல் இருக்க இரண்டு பையன்கள் அதன் அடிக்கம்பை மிதித்துக்கொண்டு கடைசிவரை பின்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள். நாடகத்தையே பார்க்காத பிள்ளைகள் அவர்கள் மட்டும்தான்.

நூலக மாஸ்டர் வரவேற்புரையில், நந்தனார் கதாகாலட்சேபத்தைக் கேலிக் காலட்சேபமாக்கிய கலைவாணர் பிறந்த ஒழுகினசேரி அந்தக் காலத்தில் திருவிதாங்கூர் என்றும், துள்ளல் என்ற ஆட்டப்பாட்டில் ஊரையே கிண்டல் செய்த மலையாளக் கவி குஞ்சன் நம்பியார் நம் ஜில்லாவில் கிள்ளிக்குறிச்சிமங்கலத்துக்காரர் என்றும் சொன்னார். நல்ல பேச்சு. சீக்கிரம் முடித்ததற்குத் தனி நன்றி.

இனி ஆசான். குழு கொண்டுவந்தது எல்லாமே தமிழ் டிவியைக் கிண்டல் செய்யும் துண்டு நாடகங்கள்: சீரியல், சமையல் நிகழ்ச்சி, பாட்டுப் போட்டியில் கண்ணைத் துடைக்கும் நடுவர், ராத்திரி விவாதம். கூட்டத்தில் பாதிப்பேர் மலையாள வீட்டுக்காரர்கள். தமிழ்ப் படம் என்றால் விழுந்து விழுந்து பார்ப்பார்கள், டிவி சண்டை அவர்களுக்குப் பழக்கமில்லை. முதல் துண்டு முடிந்தபோது மைதானத்தில் ஒரு பக்கம்தான் சிரித்தது. அப்போது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேடையோரமாக வந்து நின்றார் ஆசான்.

அவர் பொறாட்டு நாடகத்தில் சோத்தியக்காரராக நின்று பழகியவர். பொறாட்டு பார்த்திராத இளசுகளுக்காகச் சொல்கிறோம்: குறவன் குறத்தி, தாசி என்று வேஷங்கள் ஒவ்வொன்றாக வரும், பெண் வேஷமும் ஆண்களே கட்டுவார்கள், பாட்டும் பேச்சும் தமிழும் மலையாளமுமாகக் கலந்து ஓடும். வருகிற வேஷத்தை மறித்து, நீ யார், எங்கிருந்து வருகிறாய், எதற்கு வந்தாய் என்று குடைவதுதான் சோத்தியக்காரர் வேலை. அதே வேலையை அன்றைக்கு டிவிக்காரர்களிடம் காட்டினார். அவர் மலையாளத்தில் கேட்க, குழு தமிழில் பதில் சொல்ல, யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

விவாதத்துக்குத் தலைப்பு, மத்தியானம் டீக்கடையில் அந்தத் தம்பிகள் காதில் விழுந்த கதை. வேர் கேரளத்தில், தலை தமிழ்நாட்டுப் பக்கம் சாய்ந்த ஒரு தென்னை. கலயத்தில் இறங்கும் கள் செல்லுமா செல்லாதா? அந்தப் பக்கம் 1987 முதல் கள்ளுக்குத் தடை. இந்தப் பக்கம் பாலக்காட்டுச் சித்தூர்க் கள் கேரளம் முழுக்கப் போகிறது. "நாலு பேரைக் கூப்பிட்டாயே, எவனையும் பேச விடாதது ஏன்?" என்று தொகுப்பாளரைக் கேட்டார் ஆசான். "பேச விட்டால் விளம்பரத்தை எப்போது போடுவது?" அடுத்தது போலீஸ் வேஷம். "கிழக்குக் காற்றடித்து மரம் இந்தப் பக்கம் சாய்ந்தால்?" "சாய்ந்திருக்கும் வரை குடிக்கலாம். நிமிர்ந்தால் கேஸ்." கள்ளுக்கடை அண்ணன் நாற்காலியோடு பின்னால் விழுந்ததை ஊரே பார்த்தது. அடி ஒன்றும் இல்லை, விசாரித்துவிட்டோம்.

இதில் ஒரு வரிகூட எழுதி வைத்ததில்லை என்று தங்கைகள் அப்புறம் சொன்னார்கள். முன்பின் தெரியாத ஒரு பெரியவர் குறுக்கே வந்து நின்றபோது, மேடையை விட்டுக்கொடுத்த உங்கள் மனசுக்கு நன்றி.

ராத்திரி பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். அனுமதி தந்த ஸ்டேஷன்காரர்கள் சரியாகப் பத்துக்கு வந்து நின்றார்கள். இன்னும் ஒரு துண்டு பாக்கி. மைக்கை அணைத்ததும் எல்லோரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேடையை ஒட்டிப் போய்விட்டோம். மைக் இல்லாத காலத்திலேயே வயலில் நின்று பேசியவர் ஆசான். வாசலில் நின்ற போலீஸ்காரர் வரைக்கும் கேட்டது. அவர் சிரித்ததை நாங்கள் யாரிடமும் சொல்ல மாட்டோம்.

பணம் வேண்டாம் என்றுவிட்டார் ஆசான். சைக்கிள் கேரியரில் பழக்குலையைக் கட்டி அனுப்பினோம்.

ஒரு ஒற்றைக் கொலுசு, மூடியில்லாத எவர்சில்வர் தூக்கு, கண்ணாடி ஒன்று, பசங்கள் செருப்பு இரண்டு ஜோடி எங்களிடம் இருக்கின்றன. உரியவர்கள் ஞாயிற்றுக்கிழமை அயல்கூட்டத்துக்கு வந்து வாங்கிக்கொள்ளவும்.

அன்புடன்,
அயல்கூட்டத்துப் பெண்கள்