பாறசாலை மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மக்களே,

போன ஞாயிறு ராத்திரி நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று முறை கேட்டேன். ஓய்வுநாள் பள்ளியில் சவுல் ராஜாவின் கதை நடத்தியிருக்கிறாய். எதிரி ஜனமான அமலேக்கியரில் ஆண், பெண், பிள்ளை, கைக்குழந்தை ஒன்றையும் விடாமல் கொல்லும்படி கர்த்தர் சாமுவேல் தீர்க்கதரிசி மூலம் சவுலுக்குச் சொன்ன இடம் வந்ததும் உன் மூத்தவன் எழுந்து, "குஞ்ஞு எந்து செய்து?" (குழந்தை என்ன செய்தது?) என்று கேட்டிருக்கிறான். நீ அடுத்த வசனத்துக்குப் போய்விட்டாய். அவன் போகவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றுக்கு உட்கார்ந்ததும், இயேசு சொன்ன பிதாவும் இவரும் ஒரே ஆள்தானா என்று கேட்டானாம்.

"மாமா முப்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளி நடத்தினவங்க, நீங்களே சொல்லுங்க" என்கிறாய். முப்பது வருஷமும் அந்தக் கதை வருகிற 1 சாமுவேல் 15-ஐ நான் எப்படி நடத்தினேன் தெரியுமா? மூன்றாம் வசனத்தை வேகமாக வாசித்துவிட்டு, "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம்" என்பதை மனப்பாட வசனமாகக் கொடுத்து, ஆளுக்கொரு மிட்டாயும் கொடுத்து அனுப்பிவிடுவேன். ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. கேட்க நான் இடம் வைக்கவில்லை என்று சொல்வதுதான் சரி. போனில் சொன்னால் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவோம். அதனால் எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கிற வேறு வீட்டுக்காரர்களும் வாசிக்கட்டும் என்றுதான் பொதுவில் போடுகிறேன்.

முதலில் சுலபமான பதில் ஒன்று இருக்கிறது. பழைய ஏற்பாட்டில் கோபக்காரக் கடவுள், புதிய ஏற்பாட்டில் அன்பான கடவுள். நம் சபைகளில் பாதிப் பேர் விளையாட்டாகவாவது இதைச் சொல்வார்கள். இதை விளையாட்டாக இல்லாமல் முழுசாக நம்பிய ஆள் ஒருவர் இருந்தார். கருங்கடல் கரையில் சினோப்பே என்ற ஊர், கப்பல் முதலாளி, பெயர் மார்சியன். உலகத்தைப் படைத்த கடவுள் வேறு, இயேசுவின் தகப்பன் வேறு என்றார். பழைய ஏற்பாட்டை மொத்தமாகத் தள்ளி, லூக்காவைக் கத்தரித்து, பவுலின் பத்து நிருபங்களைச் சேர்த்துத் தனக்கென ஒரு வேதம் வைத்துக்கொண்டார். கி.பி. 144-இல் ரோமாபுரிச் சபை அவரை வெளியே அனுப்பியது. பிற்பாடு தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் அவரை மறுத்து ஐந்து புத்தகம் எழுத வேண்டிவந்தது என்றால், அந்தப் பதிலுக்கு எவ்வளவு இழுவை இருந்திருக்கும் பார்.

ஆனால் பழைய ஏற்பாட்டின் கடைசிப் புத்தகமான மல்கியாவுக்கும் புதிய ஏற்பாட்டின் முதல் புத்தகமான மத்தேயுவுக்கும் நடுவில் இருக்கிற அந்த வெற்றுத் தாள் நம் களியக்காவிளையில் இருக்கிற தமிழ்நாடு-கேரள எல்லை மாதிரிதான். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கோடு போட்டார்கள். விளவங்கோடு இந்தப் பக்கம், நெய்யாற்றின்கரை அந்தப் பக்கம். அதற்காக செக்போஸ்ட் தாண்டினதும் பேச்சு மாறிவிட்டதா? இஞ்சிவிளையில் தமிழ் கேட்கிறது. இங்கே நம் சந்தையில் மரச்சீனிக்கு மலையாளத்தில் விலை பேசுகிறார்கள். வேதமும் அப்படித்தான். "நான் எப்பிராயீமைக் கைபிடித்து நடக்கப் பழக்கினேன்" என்று இஸ்ரவேல் ஜனத்தைப் பற்றிப் பிள்ளை வளர்த்த தகப்பன் மாதிரிப் பேசுகிறவர் பழைய ஏற்பாட்டு ஓசியாவில் இருக்கிறார். தாய் தேற்றுவதுபோல் தேற்றுவேன் என்கிறவர் ஏசாயாவில். கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தால், அப்போஸ்தலர் ஐந்தாம் அதிகாரத்தில் நிலம் விற்ற காசில் கொஞ்சம் ஒளித்த அனனியாவும் சப்பீராளும் ஒருவர் பின் ஒருவராக விழுந்து சாகிறார்கள். வெளிப்படுத்தின விசேஷத்தில் குதிரைகளின் கடிவாளம் மட்டும் இரத்தம் ஓடுகிறது. மார்சியனின் கத்தரிக்கோல் எந்தப் பக்கம் வெட்டினாலும் பிசகும்.

உன் மகன் மாட்டிக்கொண்ட அதே அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசி, மக்களே. நான் அறுபது வயதுக்கு மேல்தான் அப்படி வாசித்தேன். 11-ஆம் வசனத்தில் கர்த்தர், "நான் சவுலை ராஜாவாக்கினது எனக்கு மனஸ்தாபமாயிருக்கிறது" என்கிறார். 29-இல் சாமுவேல் சவுலின் முகத்துக்கு நேராக, கர்த்தர் மனஸ்தாபப்படுகிறவர் இல்லை, "மனஸ்தாபப்பட அவர் மனுஷன் அல்ல" என்கிறார். சரி, தீர்ந்தது என்று நினைத்தால், கடைசி வசனத்தில் கதை சொல்கிறவரே வந்து, கர்த்தர் மனஸ்தாபப்பட்டார் என்று முடிக்கிறார். மூன்றும் ஒரே அதிகாரம். எபிரெயத்திலும் மூன்றும் ஒரே வினைச்சொல். எழுதினவருக்கு முரண்பாடு தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் அழிக்கவில்லை.

இன்று மனஸ்தாபம் என்றால் ஆறு சென்ட் நிலத்துக்காக அண்ணனும் தம்பியும் பேசாமல் இருப்பது. பழைய மொழிபெயர்ப்பில் மனம் வெந்து வருந்துவது என்று பொருள். அந்த எபிரெய வேர்ச்சொல் இன்னும் வேடிக்கையானது: வருந்துவதற்கும் தேற்றுவதற்கும் அதே வேர்தான். நோவா பிறந்தபோது "இவன் நம்மைத் தேற்றுவான்" என்று பெயர் வைக்கிறார்களே, அங்கே ஒரு முறை. கொஞ்சம் வசனம் தள்ளி, மனுஷனை உண்டாக்கினதற்காகக் கர்த்தர் மனஸ்தாபப்பட்டார் என்கிற இடத்தில் இன்னொரு முறை.

உன் மாமியார் வீட்டு மலையாள வேதத்தில் அந்த இடம் எப்படி இருக்கிறது, பார்த்திருக்கிறாயா? "யஹோவ அனுதபிச்சு, அது அவன்றெ ஹ்ருதயத்தின்னு துக்கமாயி." நமக்குக் கர்த்தர், அவர்களுக்கு யஹோவா. நமக்கு அவர், அவர்களுக்கு அவன். உன் கல்யாணத்தில் இருபத்துமூன்றாம் சங்கீதம் மலையாளத்தில் வாசித்தபோது "அவன் என்னெ கிடத்துன்னு" என்று காதில் விழுந்ததும் எனக்குச் சுருக்கென்றது, என்ன இது, தெய்வத்தை அவன் இவன் என்கிறார்களே என்று. எபிரெயத்திலோ அவன், அவர் என்ற வித்தியாசமே கிடையாது. அதாவது வேதத்தைத் திறக்கிறதற்கு முன்னாலேயே நம் தமிழ் அவருக்கு ஒரு நேரியல் துண்டு போர்த்தி நாற்காலியில் உட்கார்த்திவிட்டது. ஏதேன் தோட்டத்தில் பகலின் குளிர்ச்சியான வேளையில் உலாவிக்கொண்டு, "நீ எங்கே இருக்கிறாய்" என்று தேடுகிறவருக்கு அந்த நேரியல் கொஞ்சம் இடைஞ்சல்தான்.

இனி என் தங்கையான உன் அம்மைகூட முழுசாக அறியாத ஒன்று. அவள் பிறப்பதற்கு முன் எனக்கு ஒரு தம்பி இருந்தான். இரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வருஷக் கன்வென்ஷனுக்கு வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர் ஆறுதல் சொல்ல வீட்டுக்கு வந்தார். உன் பாட்டா, அதாவது என் அப்பா, அந்தக் காலத்தில் கள்ளு குடிப்பார். வந்தவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். யாத்திராகமம் இருபதைத் திறந்து, பிதாக்களின் அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும் விசாரிக்கிறவர் என்று வாசித்து, ஜெபம் பண்ணி, சாயா குடித்துவிட்டுப் போனார். பாட்டா ஒரு வருஷம் கோயில் படி ஏறவில்லை.

உன் பாட்டிக்கு, என் அம்மைக்கு, எழுத்து தெரியாது. அன்றிலிருந்து ராத்திரி விளக்கு வைத்ததும் என்னை வேதத்தை முதலிலிருந்து வாசிக்கச் சொன்னாள். ஆதியாகமம் ஆறாம் அதிகாரம், "அது அவர் இருதயத்துக்கு விசனமாயிருந்தது" என்று வாசித்தேன். "அந்த வரிய இன்னொருக்கா வாசி" என்றாள். வாசித்தேன். "தெய்வத்துக்கும் விசனம் வருமா? அப்பம் அந்த ஊழியக்காரன் சொன்ன தெய்வம் வேற ஆளு" என்றாள்.

பாட்டியும் கிட்டத்தட்ட மார்சியன் சொன்னதைத்தான் சொல்லியிருக்கிறாள், யோசித்தால். ஆனால் அவளுக்கு அந்த வேறு ஆள் கிடைத்தது பழைய ஏற்பாட்டின் முதல் சில தாள்களுக்குள். அந்த விசனத்துக்கு அப்புறம் ஜலப்பிரளயம் வருகிறது. அதையும் வாசித்தேன். அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. திரியைத் தாழ்த்திவிட்டுப் படுக்கச் சொன்னாள்.

எசேக்கியேல் பதினெட்டு எனக்குத் தெரியவந்தபோது வயது இருபதுக்கு மேல். பாபிலோனில் சிறையிருப்பில் கிடந்த ஜனங்கள், "பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின" என்று பழமொழி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இனி அந்தப் பழமொழி உங்களுக்குள் கிடையாது, குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று கர்த்தரே சொல்கிறார். யாத்திராகமத்தை எசேக்கியேல் எதிர்த்துப் பேசுகிறார் என்றால் எங்கள் போதகர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அப்படித்தான் படுகிறது. ஜனத்தைக் கணக்கெடுக்கத் தாவீது ராஜாவை ஏவினது யார் என்று பார்: 2 சாமுவேல் 24-இல் கர்த்தர், 1 நாளாகமம் 21-இல் சாத்தான். பிந்தி எழுதினவருக்குப் பழைய வரி தொண்டையில் சிக்கியிருக்கிறது. பாட்டாவிடம் எசேக்கியேலைக் கொண்டுபோய்க் காட்டினேன். "இத அண்ணைக்கே வாசிக்கப்பிடாதா அந்த மனுசனுக்கு" என்று மட்டும் கேட்டார்.

சரி, அமலேக்குக்கு வருவோம். 1868-இல் யோர்தான் நாட்டுத் தீபானில் ஒரு கருங்கல் கிடைத்தது. இப்போது பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2 இராஜாக்கள் மூன்றாம் அதிகாரத்தில் வருகிற மோவாபின் ராஜா மேசா வெட்டிவைத்த கல்வெட்டு அது. தன் தெய்வம் கேமோஷ் தேசத்தின்மேல் கோபமாயிருந்ததாம். பிறகு, போய் நேபோ ஊரை இஸ்ரவேலிடமிருந்து பிடி என்று சொன்னதாம். போனேன், ஆணும் பெண்ணுமாக 7,000 பேரைக் கொன்று தெய்வத்துக்கு ஒப்புக்கொடுத்தேன் என்கிறான் மேசா. அமலேக்கை "சங்கரி" என்ற இடத்தில் வரும் எபிரெயச் சொல்லும் இந்தக் கல்லில் உள்ள மோவாபியச் சொல்லும் ஒரே வேர். அந்தக் காலத்து ராஜாக்கள் யுத்தத்தைப் பற்றிப் பேசிய பாஷை இது. சாமுவேலின் காதும் அந்தக் காலத்துக் காதுதான் என்பது என் அபிப்பிராயம். இன்னொன்று: பதினைந்தில் எல்லாரையும் கொன்றாயிற்று என்று வாசிக்கிறோம். முப்பதாம் அதிகாரத்தில் அமலேக்கியர் வந்து தாவீதின் ஊரைக் கொளுத்துகிறார்கள், அதிலும் 400 பேர் ஒட்டகம் ஏறித் தப்பிக்கிறார்கள். யுத்தக் கதையில் "எல்லாரும்" என்பதை எவ்வளவு எடுத்துக்கொள்வது என்று நீயே பார்.

இதெல்லாம் உனக்கு. பையனுக்கு இதைச் சொல்லாதே. கல்வெட்டைக் காட்டி அவன் வாயை அடைத்ததாகிவிடும். அந்த வசனம் மாமாவுக்கும் கஷ்டமாயிருக்கிறது, பதில் இல்லை என்று சொல். சொல்லிவிட்டு யோனா தீர்க்கதரிசி புத்தகத்தின் கடைசி வசனத்தை எடுத்துக் கொடு. எதிரியான அசீரியரின் ஊர் நினிவே. அதே அசீரியர்தான் பிற்பாடு இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவைப் பிடித்துக் குடிகளை வாரிக்கொண்டு போனவர்கள். அந்த ஊருக்காக, வலதுகை இடதுகை தெரியாத 1,20,000 பேருக்கு மேல் இருக்கிறார்களே, மிருகஜீவன்களும் இருக்கிறதே, நான் பரிதபியாமலிருப்பேனோ என்று கர்த்தர் யோனாவிடம் கேட்கிறார். உன் மகன் கேட்டது ஏறக்குறைய இதுதான். யோனா என்ன சொன்னான் என்று எழுதவில்லை, கேள்வியோடு புத்தகம் முடிகிறது. வேதத்தில் யோனாவுக்கு அப்புறம் மீகா புத்தகம், அதற்கடுத்து நாகூம். நாகூமில் அதே நினிவே அழிவதற்குக் கைகொட்டுகிறார்கள்! இரண்டையும் ஒரே கட்டில் தைத்துவைத்தவர்களை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து மூன்று மணி பஸ்ஸில் வருகிறேன். மாமியாரின் மலையாள வேதத்தை எடுத்து வை, அந்தப் பதினைந்தாம் அதிகாரத்தை உன் மகன் எனக்கு வாசித்துக்காட்டட்டும். நான் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் மலையாளம் வாசிக்கிறேன். ரப்பர் ஷீட் விற்ற பணம் கொஞ்சம் உன் அம்மை தந்திருக்கிறாள், அதையும் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
மாமா