நெறிக்குச் சரியான பெயர் தேடும் வேலைக்கு ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள ஊரவர்களுக்கும் புலம்பெயர்ந்து வாழும் உறவுகளுக்கும்,

என் மச்சான் சுன்னாகம் சந்தையில் வெங்காயம் விற்பவர். ஒருநாள் முகம் வழிக்கும்போது கழுத்தின் இடப்பக்கத்தில் ஒரு நெறி, அதாவது நிணநீர்க் கணு வீக்கம், கையில் தட்டுப்பட்டது. நோகவில்லை. நோகாதபடியால்தான் இரண்டு மாதம் சும்மா இருந்தார். பிறகு ஒரு பரியாரியார் பத்துப் போட்டார். பிறகு ஒரு தனியார் கிளினிக்கில் அன்ரிபயோட்டிக் கொடுத்தார்கள். கடைசியில் ஊசி குத்திப் பார்த்தபோது காசநோயாக இருக்கலாம் என்று ரிப்போட் வந்தது. "ஆறு மாதம் குளிசை போடுங்கோ, சரியாகிவிடும்" என்றார்கள். முதல் மாதம் நெறி கொஞ்சம் சுருங்கியது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம், மாவிட்டபுரத்தில் அர்ச்சனையும் செய்தோம். ஐந்தாம் மாதம் இரவில் தலையணை நனையும் அளவுக்கு வேர்வை வரத் தொடங்கியது. இடுப்புப் பட்டியில் புதிதாக இரண்டு ஓட்டை குத்த வேண்டி வந்தது. அதற்குப் பிறகுதான் நெறியை முழுதாக வெட்டியெடுத்து அனுப்பினார்கள். பெயர் வந்தது: ஹொட்ஜ்கின் லிம்போமா, நிணநீர்ப் புற்றுநோயில் ஒரு வகை.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. காசநோய் எங்கள் பக்கத்தில் உண்மையிலேயே இருக்கிற நோய். கழுத்து நெறிக்கு அது சாதாரணமான காரணமும்கூட. ஹொட்ஜ்கின் நோயிலும் காசநோயில் காண்பது போன்ற கலத் திரள்கள் சிலவேளை இருக்கும். லிம்போமா நெறி எந்த மருந்தும் இல்லாமலே சுருங்கி, பிறகு பெருக்கவும் செய்யும். அதனால் குளிசை வேலை செய்கிறது என்று வைத்தியரும் நம்பலாம், நாங்களும் நம்பலாம். நாங்கள் நம்பினோம்.

மச்சான் பிழைத்தார். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை என்று பன்னிரண்டு முறை மருந்து ஏற்றினார்கள். இப்போது மறுபடியும் சந்தையில்தான் நிற்கிறார், விலை பேசினால் முன்னைவிட கடுமையாகத்தான் பேசுகிறார். எல்லா வீட்டிலும் கதை இப்படி முடியவில்லை. எங்கள் குழுவில் இருக்கும் ஒன்பது பேரில் நான்கு பேர் லிம்போமாவில் ஒருவரை இழந்தவர்கள். மீதிப் பேரில் இரண்டு வைத்தியர்கள், ஓய்வுபெற்ற ஒரு தாதி, ஒரு மருந்துக்கடைக்காரர், பிறகு படிப்பித்து ஓய்வுபெற்ற நான்.

நாங்கள் கேட்பது ஒரு கட்டடத்துக்கோ இயந்திரத்துக்கோ இல்லை. ஒரு மருத்துவ ஆய்வுக்கு. வடக்கில் லிம்போமா என்று சந்தேகப்படும் நெறியோடு வரும் 100 பேரை இரண்டு வருடத்துக்குத் தொடர்ந்து பார்ப்பது. ஒவ்வொருவருக்கும் சரியான பரிசோதனையைச் சரியான நேரத்தில் செய்து முடிப்பது. எங்கே, எதனால், எத்தனை நாள் வீணாகிறது என்பதை எழுதி வைப்பது. அவ்வளவுதான்.

ஊசி குத்திப் பார்த்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். ஊசியில் வருவது சிதறிய சில கலங்கள். லிம்போமாவைப் பிரித்தறிய நெறி உள்ளே எப்படி அமைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு கதியாலைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, அந்த வேலி எப்படி அடைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்ல முடியுமா? அதனால் முடிந்த இடத்தில் முழு நெறியையும் எடுக்க வேண்டும். எடுத்த நெறியை உடனே, கெடாமல் காக்கும் போர்மலின் திரவத்தில் இட வேண்டும், அதுவும் நெறியின் அளவைப் போலப் பத்து மடங்கு திரவத்தில். சேலைனில் போட்டு ஒருநாள் வைத்திருந்தால் இழையம் கெட்டுவிடும், நோயாளி மறுபடியும் கத்திக்குப் போக வேண்டும். நெடுந்தீவில் எடுக்கும் ஒரு துண்டு படகில் குறிகட்டுவான் வந்து, பஸ் ஏறி ஆய்வுகூடம் சேர வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு போர்மலின் போத்தல் என்ன பெரிய விலை? ஆனால் அது உரிய நாளில் உரிய மேசையில் இருக்க வேண்டும்.

அடுத்தது சாயப் பரிசோதனை. இங்கேதான் செலவு. 1832இல் லண்டனில் தோமஸ் ஹொட்ஜ்கின் இந்த நோயை எழுதிவைத்தபோது அவர் கண்டது வீங்கிய நெறிகளையும் மண்ணீரலையும்தான். 1902இல் டொரத்தி றீட் என்ற பெண் வைத்தியர் நுணுக்குக்காட்டியில் ஆந்தைக் கண் போன்ற இரட்டைக் கருவுள்ள கலத்தைத் தெளிவாக விவரித்தார். இன்றைக்கு லிம்போமாவில் 80க்கு மேற்பட்ட வகைகள். கண்ணால் மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. ஒவ்வொரு கலத்திலும் உள்ள அடையாளத்தை, அதில் போய் ஒட்டும் பிறபொருளெதிரி என்ற புரதம் கொண்டு சாயமேற்றிப் பார்க்க வேண்டும்: சீடி20, சீடி3, சீடி30, சீடி15, கேஐ-67 என்று ஒரு வரிசை. சீடி20 இருந்தால் றிற்றுக்சிமாப் என்ற மருந்துக்கு அங்கே பிடி இருக்கிறது. இல்லாவிட்டால் அந்த மருந்தை ஏற்றிப் பயனில்லை.

"ஆராய்ச்சிக்கு ஏன் காசு? நோயாளிக்கு மருந்து வாங்கிக் கொடுங்கோவன்" என்று என்னுடைய மாமியே கேட்டார். நல்ல கேள்வி. எங்கள் நாட்டில் அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். 2022இல் மருந்துகள் தட்டுப்பட்டபோது பட்ட பாடும் எங்களுக்குத் தெரியும். ஆனால் மாமிக்கு நான் சொன்னது இதுதான். றிற்றுக்சிமாப் முதுமையான நோயாளிகளுக்கு உதவுமா என்று ஒருகாலத்தில் யாருக்கும் தெரியாது. 60 முதல் 80 வயது வரையான 399 பேர் ஐரோப்பாவில் ஒரு ஆய்வில் சேரச் சம்மதித்தார்கள். பாதிப் பேருக்குப் பழைய நான்கு மருந்துக் கூட்டு மட்டும், மற்றப் பாதிக்கு அதோடு றிற்றுக்சிமாப். முடிவு 2002இல் வெளிவந்தது: நோய் முற்றாக மறைந்தவர்கள் பழைய முறையில் 63 வீதம், புதிய முறையில் 76 வீதம். இன்று உலகமெங்கும் மூன்று கிழமைக்கு ஒரு தடவை ஏற்றும் அந்தக் கூட்டுமருந்துக்குப் பின்னால் முகம் தெரியாத அந்த 399 பேரும் இருக்கிறார்கள்.

ஐரோப்பாவில் செய்த ஆய்வு எங்கள் கேள்விகளைக் கேட்காது. நெறி கண்ட நாளில் இருந்து பெயர் வரும்வரை ஒரு யாழ்ப்பாணத்தவருக்கு எத்தனை நாள்? எத்தனை பேர் அதற்குள் காசநோய்க் குளிசை முடித்தார்கள்? நான்காவது ஏற்றலோடு நின்றுவிடுபவர் ஏன் நிற்கிறார்: காய்ச்சலா, பஸ் காசா, வெங்காய அறுவடையா? வவுனியாவில் இருந்து வருபவருக்கும் வல்வெட்டித்துறையில் இருந்து வருபவருக்கும் ஒரே காரணமா? காசநோய்தான் என்று உறுதியாகும் நெறிக்காரருக்கும் இதில் நன்மை உண்டு. சந்தேகம் தீர்ந்து குளிசை போடலாம்.

உடம்பில் புற்றுநோய் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்கித் தருகிறோம் என்று வெளிநாட்டில் இருந்து ஒரு அன்பர் சொன்னார். மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலையின் பெட் ஸ்கேனுக்காக நாடெங்கும் மக்கள் காசு சேர்த்ததைக் கண்டவர். மனம் பெரியதுதான். ஆனால் அந்த ஸ்கேனுக்கு ஊசியில் ஏற்றும் புளோரின்-18 என்ற கதிரியக்கப் பொருள் 110 நிமிடத்துக்கு ஒரு தடவை பாதியாகிவிடும். தெற்கில் எங்கோ தயாரித்து ஏ9 வழியே ஏழு மணித்தியாலம் கொண்டுவந்தால் பத்தில் ஒரு பங்கும் மிஞ்சாது. அது வரவேண்டிய நாளில் வரட்டும். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை நடந்தவர்களோடு சேர்ந்து நடந்த பிள்ளைகள் பலர் இன்று சம்பளம் எடுக்கிறார்கள். அவர்களிடமும்தான் இதைக் கேட்கிறோம்.

எங்களுக்கு இரண்டு வருடத்துக்கு 60 இலட்சம் ரூபா தேவை. சாயப் பரிசோதனைக்கு 31 இலட்சம். ஆளுக்கு 31,000 என்று கணக்குப் போட்டிருக்கிறோம். நோயாளிகளைத் தொடர்ந்து அழைத்து, வராதவரைத் தேடி, கொப்பியும் கணினியும் பார்க்கும் ஒரு உதவியாளருக்கு மாதம் 60,000 படி 14 இலட்சத்து 40 ஆயிரம். இந்த ஆளில்லாமல் எந்த ஆய்வும் ஆறு மாதத்தில் படுத்துவிடும், அதனால் இதில் குறைக்க மாட்டோம். நோயாளியும் துணைக்கு வருபவரும் பயணம் செய்ய 9 இலட்சம். போத்தல், போர்மலின், மாதிரிகளைக் கொண்டுசெல்லல், அச்சுக்கூலி எல்லாம் சேர்ந்து மீதி 5 இலட்சத்து 60 ஆயிரம். குழுவில் உள்ளவர்கள் போட்டது இதுவரை 4 இலட்சத்து 20 ஆயிரம். குழுவில் யாருக்கும் சம்பளமோ தேநீர்ச் செலவோ கிடையாது. இதில் எதிலும் உங்கள் பெயரைப் பொறிக்க இடமில்லை, அதை முதலே சொல்லிவிடுகிறோம்.

மருத்துவ ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி எழுத்தில் வரும்வரை ஆய்வுக்கு ஒரு சதமும் எடுக்க மாட்டோம். சம்மதப் படிவம் நல்ல தமிழில் இருக்கும். 1847இல் இங்கே வந்து, பின்னாளில் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த சாமுவேல் கிறீன் மருத்துவ நூல்களையே தமிழாக்கிய ஊரில், ஒரு அம்மம்மாவுக்கு விளங்கும்படி இரண்டு பக்கம் எழுத எங்களுக்கு முடியாதா? சம்மதிக்காதவருக்கும் சிகிச்சையில் ஒரு குறையும் வராது. பதிவுகளில் பெயர் இருக்காது, இலக்கம் மட்டும்.

பணம் குழுவின் வங்கிக் கணக்குக்கு மட்டும் வர வேண்டும். கணக்கிலக்கத்தைப் பொருளாளரிடம் நேரில் கேட்டோ வாசிகசாலை அறிவித்தல் பலகையில் பார்த்தோ எழுதிக்கொள்ளுங்கள். வட்ஸ்அப்பில் சுற்றிவரும் எந்த இலக்கத்தையும் நம்ப வேண்டாம். 500 ரூபா தந்தாலும் பற்றுச்சீட்டு உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரவு செலவு அதே பலகையில் ஒட்டப்படும், வருட முடிவில் வெளியார் ஒருவர் கணக்காய்வு செய்வார். 60 இலட்சம் சேராவிட்டால் சேர்ந்த அளவுக்கு ஆட்களைக் குறைத்து ஆய்வைச் செய்வோம். 30 இலட்சத்துக்குக் கீழே நின்றால் செய்ய மாட்டோம், தந்தவர்களுக்குத் திருப்பித் தருவோம். பற்றுச்சீட்டுப் புத்தகம் இல்லாமல் யாராவது படலையில் வந்து கேட்டால் கொடுக்காதீர்கள், வந்தது நானாக இருந்தாலும்.

குழுவின் சார்பில்,
செயலாளர்
யாழ்ப்பாணம்